பூவுக்கு வரும் வாரத்தில் மழை நின்றால்

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். கிணறு கிடையாது. அப்பா பல வருடங்களாக மக்காச்சோளம்தான் போடுகிறார். கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு முறை, பயிர் பூவுக்கு வரும் நேரத்தில் மழை நின்றுபோய், கதிரில் மணியே பிடிக்கவில்லை. வறட்சி தாங்கும் பயிருக்கு மாறலாம் என்று நான் சொன்னால், ‘அதெல்லாம் விளைச்சல் இல்லாத பயிர், நல்ல மழை வந்தால் நமக்குத்தான் நஷ்டம்’ என்கிறார். நான் படித்ததை வைத்துப் பேசுகிறேன், அவர் அனுபவத்தை வைத்துப் பேசுகிறார். யார் சொல்வது சரி? மாறுவது என்றால் எதற்கு மாறுவது?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது, ‘பூவுக்கு வரும் நேரத்தில்’ என்று நீங்கள் குறித்திருந்ததுதான். பெரும்பாலானவர்கள் ‘மழை பொய்த்துவிட்டது’ என்று மட்டும் எழுதுவார்கள். எந்த வாரத்தில் பொய்த்தது என்று தெரியாமல் யாருக்கும் பயிர் சொல்ல முடியாது. முளைத்ததும் காய்வது ஒரு வறட்சி, பூக்கும்போது காய்வது இன்னொன்று, மணி முற்றும்போது காய்வது வேறொன்று. ஒன்றைத் தாங்குகிற பயிர் மற்றொன்றில் படுத்துவிடும்.

அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் பழைய ரகங்கள். அவற்றைப் பற்றி அவர் சொல்வது சரிதான். நல்ல மழையில் அவை மற்ற ரகங்களோடு போட்டி போட முடியாதவை. ஆனால் உங்கள் வீட்டு விவாதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதே மக்காச்சோளத்தில் வறட்சி தாங்கும் ரகத்துக்குப் போவது ஒன்று. மக்காச்சோளத்தை விட்டு வேறு பயிருக்கே போவது இன்னொன்று. இரண்டுக்கும் லாப நஷ்டம் வேறு வேறு. இதைப் பிரித்து வைத்துவிட்டால் நீங்களும் அப்பாவும் பாதிச் சண்டையை நிறுத்திவிடலாம்.

முதலில் உங்கள் வயலில் அந்த இரண்டு வருடமும் என்ன நடந்தது என்று பார்ப்போம். மக்காச்சோளத்தில் ஆண் பூ செடியின் உச்சியில், பெண் பூ நடுத்தண்டில் இருக்கும் கதிரில். கதிரின் நுனியில் வெளிவரும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. அந்த இழையில் மகரந்தம் விழுந்தால் ஒரு மணி, விழாவிட்டால் அந்த இடம் காலி. தண்ணீர் போதுமானதாக இருந்தால் உச்சிப்பூ மகரந்தம் உதிர்க்கும் நாட்களிலேயே இழைகளும் வெளியே வந்துவிடும். ஈரம் குறைந்தால் உச்சிப்பூ தன் நேரத்துக்கு வந்துவிடுகிறது, ஆனால் இழை நீள்வது தாமதமாகிறது. மகரந்தம் உதிர்வது ஏறக்குறைய ஒரு வாரம்தான். இழை வெளியே எட்டிப் பார்க்கும்போது மேலே ஒன்றும் மிச்சம் இருக்காது. அடுத்த முறை அப்படி ஒரு செடியைப் பார்த்தால் கதிரின் தோகையை உரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் ஐந்தாறு மணிகள், மற்றபடி வெறும் சக்கை. செடி பச்சையாக நிற்கும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பயிர் நன்றாக இருப்பதாகவே தெரியும். பூப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை, இந்த ஒரு மாதம்தான் மக்காச்சோளத்தின் உயிர்நாடி. அதற்கு முன்போ பின்போ சில நாள் காய்ந்தால் இந்த அளவு அடி விழாது.

மெக்சிகோவில் இருக்கும் சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையம், சுருக்கமாக சிம்மிட், இந்தத் தாமதத்தைத்தான் பிடித்துக்கொண்டது. 1970களிலேயே அங்கே வேலை தொடங்கிவிட்டது. மழை இல்லாத பருவத்தில் பயிர் வைத்து, பூக்கும் நேரத்தில் வேண்டுமென்றே பாசனத்தை நிறுத்தினார்கள். அப்படிக் காயவிட்டும் எந்தச் செடியில் உச்சிப்பூவும் இழையும் ஏறக்குறைய சேர்ந்து வந்தனவோ, அந்தச் செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். இப்படியே பல சுற்று. பிறகு 2007 முதல், சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தோடு சேர்ந்து 13 ஆப்பிரிக்க நாடுகளில் வறட்சி தாங்கும் மக்காச்சோள ரகங்களைக் கொண்டுவந்தார்கள். இந்த ரகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, காயவிட்ட வயலில் விளைவது மட்டும் போதாது, நல்ல தண்ணீர் வயலிலும் மற்ற ரகங்களுக்கு இணையாக விளைய வேண்டும் என்பதையும் பார்த்தார்கள். ஆகவே ‘நல்ல மழை வந்தால் நஷ்டம்’ என்ற அப்பாவின் பயம் இந்த வகை ரகங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வேறு பயிருக்கு மாறும்போது பொருந்தலாம். அதற்கு வருகிறேன்.

நெல்லிலும் இதுபோல நடந்திருக்கிறது. இந்தியாவில் 2010இல் வெளியான சஹபாகி தான் என்ற நெல் ரகத்தின் பெயருக்கு ‘பங்கேற்பு நெல்’ என்று பொருள். விவசாயிகளையும் பார்க்க வைத்து, அவர்கள் கருத்தையும் கேட்டுத் தேர்ந்தெடுத்ததால் அந்தப் பெயர். வறட்சி வருடங்களில் இத்தகைய நெல் ரகங்கள், வறட்சி தாங்காத ரகங்களைவிட ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1 டன் கூடுதலாகக் கொடுத்திருக்கின்றன.

இனி விளைச்சல் கணக்கு. உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிற்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு பயிர் நல்ல வருடத்தில் 20 மூட்டை, மழை ஏமாற்றிய வருடத்தில் 3 மூட்டை. இன்னொரு பயிர் நல்ல வருடத்தில் 17, ஏமாற்றிய வருடத்தில் 9. உங்கள் வீட்டின் ஐந்து வருடத்தில் மூன்று நல்லது, இரண்டு மோசம். முதல் பயிர் மொத்தம் 66 மூட்டை, இரண்டாவது 69. ஏறக்குறைய சமம், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும்.

ஆனால் 3 மூட்டை வந்த வருடத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கே போதாது. விதைக்கு வைத்ததைத் தின்றாக வேண்டும். கடன் வாங்க வேண்டும், அல்லது மாட்டை விற்க வேண்டும். ஊரே காய்ந்த வருடத்தில் எல்லோரும் மாட்டை விற்க வருவார்கள், விலை விழும். தானியம் வாங்க எல்லோரும் நிற்பார்கள், விலை ஏறும். விற்பது மலிவு, வாங்குவது கிராக்கி. அந்த ஒரு வருட அடியிலிருந்து எழுந்திருக்க அடுத்த இரண்டு நல்ல வருடத்தின் வருமானம் போய்விடும். 9 மூட்டை வந்திருந்தால் சிக்கனமாக ஓட்டிவிடலாம், விதை மிஞ்சும், மாடு கொட்டிலில் இருக்கும். நூறு ஏக்கர் வைத்திருப்பவர் சராசரியைப் பார்த்துப் பயிர் வைக்கலாம், ஒரு வருடம் போனாலும் அவரால் நிற்க முடியும். இரண்டரை ஏக்கர்காரர் மோசமான வருடத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒரு விவசாயியிடமிருந்துதான். வேலைக்கு வந்த புதிதில், அதிக விளைச்சல் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நீண்ட வயது ரகத்தைப் பரிந்துரைத்தேன். என்னை நம்பி ஒரு பெரியவர் தன் நிலம் முழுவதிலும் அதையே போட்டார். முதல் வருடம் அமோகம். இரண்டாம் வருடம் கடைசி மழை வரவில்லை. அவர் பழைய ரகம் போட்டிருந்தால் அதற்கு மூன்று வாரம் முன்பே அறுவடை முடிந்திருக்கும். என்னை வயலுக்குக் கூட்டிப்போய் ஒரு கதிரை உரித்துக் கையில் கொடுத்தார். திட்டவில்லை. ‘விளைச்சல் எவ்வளவு என்று சொன்னீர்கள், எத்தனை நாளில் என்று நான் கேட்கவில்லை’ என்றார். கேட்க வேண்டியது அவர் இல்லை, சொல்ல வேண்டியது நான். அன்றிலிருந்து யார் ரகம் கேட்டாலும் முதலில் வயதைச் சொல்கிறேன், விளைச்சலை அப்புறம்.

பலரும் கவனிக்காத இன்னொரு நன்மை இருக்கிறது, அதுவும் நல்ல மழை வருடத்தில். மழை நம்பிக்கை இல்லாத இடத்தில் விவசாயி உரத்தில் கைவைக்க மாட்டார், களையெடுப்பை ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வார். எப்படியும் காயப்போகிறது, எதற்குக் காசைக் கொட்ட வேண்டும் என்று நினைப்பார். அதில் தப்பே இல்லை. ஆனால் நல்ல மழை வரும்போது, செலவு செய்யாத காரணத்தாலேயே விளைச்சல் பாதியில் நின்றுவிடும். ஒடிசாவில் நெல் விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே கொடுத்தது வறட்சி தாங்கும் ரகம் இல்லை, இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்-1. ஆபத்து வேறு என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும். அந்த விதை கிடைத்தவர்கள், முழுதும் போய்விடாது என்ற தைரியம் வந்ததும், கூடுதல் பரப்பில் பயிரிட்டார்கள், உரம் கூட்டினார்கள், அதிக ஆள் தேவைப்படும் நடவு முறைக்கு மாறினார்கள். வெள்ளமே வராத வருடத்திலும் அவர்கள் வருமானம் கூடியது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அடி விழாது என்ற தைரியம்தான் நல்ல வருடத்தின் விளைச்சலையும் கூட்டுகிறது.

சரி, இனி வேறு பயிர்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். சோளத்துக்கும் கம்புக்கும் ‘தண்ணீரே வேண்டாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் கணக்குப்படி மக்காச்சோளத்துக்கு ஒரு பருவத்தில் 500 முதல் 800 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், சோளத்துக்கு 450 முதல் 650. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு பெரிதில்லை. உண்மையான வித்தியாசம், தண்ணீர் நின்ற நாட்களில் செடி என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. மழை நின்று பத்து நாள் ஆன ஒரு நண்பகலில் சோளக் கொல்லைக்குள் போய்ப் பாருங்கள். இலைகள் குழல் மாதிரிச் சுருண்டு, மேல்நோக்கி நிற்கும். தொட்டால் மெழுகு பூசியது போல வழுக்கும். செடி செத்துவிட்டதோ என்று பயம் வரும். சாயங்காலம் மறுபடி போனால் இலை விரிந்திருக்கும். வெயில் நேரத்தில் தண்ணீரை வெளியே விடாமல் கதவைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இன்னும் காய்ந்தால் வளர்ச்சியையே நிறுத்திவிட்டுக் காத்திருக்கும், மழை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில சோள ரகங்களில் மணி முற்றும் கட்டத்தில் மண் காய்ந்தாலும் இலைகள் பச்சை மாறாமல் நிற்கும். தட்டை சாயாது, மணி திரளும், அறுவடைக்குப் பிறகும் மாட்டுக்குப் பசுமை குறையாத தீவனம் மிஞ்சும். மாடு வைத்திருப்பவர்கள் விதை கேட்கும்போது இந்தக் குணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கம்புதான். மக்காச்சோளம் ஒரே தண்டில், ஒரே வாரத்தில், எல்லாவற்றையும் பணயம் வைக்கிறது. கம்பு அப்படி இல்லை. அடியிலிருந்து பல தூர்கள் கிளம்பும், எல்லாம் ஒரே நாளில் பூக்காது. தாய்த்தண்டு பூக்கும்போது காய்ந்தால், அடுத்த மழைக்குப் பின்னால் வந்த தூர்கள் கதிர் விட்டு ஓரளவு ஈடுகட்டும். பூக்கும் வாரத்தில் மழை நிற்கும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறு என்ன வேண்டும்? சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமான சஹேல் பகுதியில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பு பயிராக்கப்பட்ட செடி இது. வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்திலும் மணலில் விளைகிறது. நமீபியாவில் 1990இல் ஒக்கஷானா 1 என்ற கம்பு ரகம் வெளிவந்தது. அங்கிருந்த பழைய ரகங்களைவிடச் சீக்கிரம் முதிரும், மணியும் பருமன். சோதனை வயலில் அதைப் பார்த்த விவசாயிகளே விரும்பிக் கேட்ட ரகம் என்பதால் வேகமாகப் பரவியது. மழை முடிவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடும் பயிர் என்பதுதான் அதன் பெரிய பலம்.

தட்டைப்பயறும் துவரையும் வேறு வகை. தட்டைப்பயறில் 60, 70 நாளில் முடியும் ரகங்கள் இருக்கின்றன. வறட்சி வருவதற்குள் ஓடிவிடும் பயிர் அது. துவரை ஓடாது, கீழே போகும். முதல் இரண்டு மாதம் மேலே ஒன்றும் வளராத மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் வேர் இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பயிர் அறுவடையான பிறகு, ஆழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை வைத்துக் காய்க்கும். இரண்டுமே காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்ப்பவை, மண்ணுக்கும் நல்லது. உங்கள் மண் ஆழமில்லாத சரளை மண்ணாக இருந்தால் மட்டும் துவரையை நம்பாதீர்கள். வேர் இறங்க இடமில்லாத இடத்தில் அதன் திறமைக்கு வேலை இல்லை.

இப்போது எச்சரிக்கைகள். இவற்றைச் சொல்லாமல் ‘மாறுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

சோளம் போட்டால் மாடு விஷயத்தில் கவனம் தேவை. இளம் சோளப் பயிரிலும், காய்ந்து நின்று மழைக்குப் பின் புதிதாகத் துளிர்த்த பயிரிலும் சயனைடு நஞ்சு உருவாகும். வறட்சியில் வாடிய இளம் பயிரை ‘எப்படியும் போய்விட்டது, மாடாவது மேயட்டும்’ என்று அவிழ்த்து விடுவார்கள். சில நிமிடங்களில் மாடு சுருண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பூத்து முடிந்த பயிரை அறுத்து, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள்.

மரவள்ளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வறட்சி என்றாலே யாராவது அதைச் சொல்வார்கள். இலையை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடிய செடிதான் அது. ஆனால் வறட்சியில் கிழங்கிலும் சயனைடு ஏறும். மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் 1981 வறட்சியின்போது, கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவப்படுத்தக் காலமில்லாமல் அவசரமாகச் சாப்பிட்டதில் 1,000 பேருக்கு மேல் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கசப்பு ரகமா இனிப்பு ரகமா என்று தெரியாமல் அதை நடவே கூடாது.

நிலக்கடலையும் ஓரளவு தாங்கும், ஆனால் கடைசி ஒரு மாதம் காய்ந்தால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். கண்ணுக்குத் தெரியாது. உடைந்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி எறியத் தயங்காதீர்கள். கோழிக்கும் போட வேண்டாம்.

அப்புறம் பறவைகள். உங்கள் சுற்றுவட்டாரத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கம்பு போட்டால், அதுவும் எல்லோருக்கும் முன்பாக முதிர்ந்தால், எல்லாப் பறவைக்கும் உங்கள் வயல்தான் விருந்து. மணி பால் பிடிக்கும்போது தொடங்கி, அறுவடை வரை காவல் இருக்க வேண்டியிருக்கும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்காகிவிடும். யாரும் சேரவில்லை என்றால், அந்த இரண்டு மூன்று வாரமும் வயலில் நிற்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உமி நீக்குவது, சுத்தம் செய்வது ஆகியவையும் அப்படித்தான். புதுப் பயிர் வந்தால் அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. கேட்காமல் அவர்கள் மேல் சுமத்தக் கூடாது. விற்க நினைத்தால், வாங்குபவர் யார் என்று விதைப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வறட்சி தாங்கும் விதைக்கும் ஒரு எல்லை உண்டு. இடையில் இரண்டு மூன்று வாரம் மழை நிற்பதை அது தாங்கும். பருவம் முழுவதும் மழையே இல்லையென்றால் எந்த விதையும் காப்பாற்றாது. அந்த எல்லையைத் தள்ளிப்போடுவது மண். பெய்த மழை உங்கள் வயலிலிருந்து ஓடிவிட்டால், எவ்வளவு நல்ல ரகமும் பாதி மழையில்தான் வளர்கிறது என்று அர்த்தம். புர்கினா ஃபாசோவில் யாக்கூபா சவாடோகோ என்ற விவசாயி, 1980களின் வறட்சியில் எல்லோரும் கைவிட்ட இறுகிய நிலத்தில், கோடையிலேயே ஒரு சாண் அகலக் குழிகளை வரிசையாகத் தோண்டி, ஒவ்வொன்றிலும் எரு போட்டு வைத்தார். முதல் மழை குழியில் தங்கியது. எருவைத் தேடி வந்த கரையான் மண்ணைத் துளைத்துவிட, தண்ணீர் ஆழத்துக்கு இறங்கியது. அதில் சோளமும் கம்பும் விளைந்தன, பிறகு மரங்களும் வந்தன. குழி தோண்ட ஆள் இல்லையென்றால், மண்ணை நீள வரப்புகளாக அணைத்துப் பார் போட்டு, அவற்றுக்கு நடுவிலுள்ள சாலில் சில அடிக்கு ஒன்றாகக் குறுக்கே மண் அணை வையுங்கள். ஒவ்வொரு கட்டமும் சின்னத் தொட்டி மாதிரி மழையைப் பிடித்துவைக்கும். உரமும் அள்ளி வீச வேண்டாம். சஹேல் நாடுகளில் ஒரு குத்துக்கு ஒரு பாட்டில் மூடி அளவு, அதாவது ஏறத்தாழ 6 கிராம், வேர் பக்கத்தில் வைக்கிறார்கள். வீணாவது குறைவு, இளம் வேர் சீக்கிரம் இறங்கும். வறட்சி தாங்கும் பயிருக்கு உரமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டினி கிடக்கும் செடிக்கு வேர் இறங்காது.

உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது இதுதான். முழு நிலத்தையும் ஒரே வருடத்தில் மாற்றாதீர்கள். ஒன்றரை ஏக்கரில் அப்பா விரும்பும் மக்காச்சோளமே இருக்கட்டும். ஆனால் அதில் ஒரு பாதி அவருடைய வழக்கமான ரகம், மறுபாதி வறட்சி தாங்கும் ரகம். ஒரே மண், ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம். அப்போதுதான் ஒப்பிட முடியும். மிச்சமுள்ள ஒரு ஏக்கரில் கம்பு, நாலு வரிசைக்கு இரண்டு வரிசை தட்டைப்பயறு. ஏதோ ஒரு வாரத்தில் மழை நின்றாலும் எல்லாப் பயிரும் ஒரே கட்டத்தில் மாட்டிக்கொள்ளாது. செடிகளை நெருக்கமாக விடாதீர்கள். காய்ந்த வருடத்தில் பக்கத்துச் செடிதான் முதல் எதிரி, ஆகவே முளைத்த மூன்றாம் வாரத்துக்குள் கூடுதல் செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள்.

விதை வாங்கும்போது பையில் ‘வறட்சி தாங்கும்’ என்று அச்சடித்திருப்பதோடு திருப்தி அடையாதீர்கள். எத்தனை நாளில் பூக்கும், எத்தனை நாளில் அறுவடை, எந்தக் கட்டத்து வறட்சியைத் தாங்கும், இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பை வேண்டாம். வீரிய ஒட்டு ரகம் என்றால் அதிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்க முடியாது, குணம் கலைந்துவிடும், வருடா வருடம் வாங்க வேண்டும். கையில் காசு நிச்சயமில்லாத வீட்டுக்கு, விதை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடிய ரகம் கொஞ்சம் குறைவாக விளைந்தாலும் நிம்மதி. அப்படி எடுக்கும்போது, மக்காச்சோளமும் கம்பும் அயல் மகரந்தம் வாங்கும் பயிர்கள் என்பதால், வயலின் ஓரத்தில் எடுக்காமல் நடுவில் இருக்கும் நல்ல கதிர்களில் எடுங்கள். தட்டைப்பயறுக்கு அந்தக் கவலை குறைவு.

‘யார் சொல்வது சரி’ என்று கேட்டிருந்தீர்கள். ரகம் பற்றி நீங்கள் படித்தது சரி. ஆனால் அதை எப்போது விதைப்பது என்பதை உங்கள் புத்தகம் சொல்லாது, அப்பாவுக்குத் தெரியும். இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடந்த பத்து வருடத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். எந்த வாரம் விதைத்தார், எந்த வாரம் பூத்தது, மழை எப்போது நின்றது, மறுபடி எப்போது வந்தது. தேதி நினைவில் இருக்காது, ஆனால் கல்யாணம், பிரசவம், மாடு வாங்கியது என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்து அவருக்கு நினைவு இருக்கும். எழுதிப் பார்த்தால், மழை நிற்கும் வாரம் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகிறதா, அல்லது வருடத்துக்கு வருடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். ஒன்றையே சுற்றி வந்தால், வேலை சுலபம். அந்த வாரத்துக்கு முன்பே பூத்து முடிக்கும் குறுகிய வயது ரகம் போதும், பயிரையே மாற்ற வேண்டியிருக்காது. மாறி மாறி வந்தால்தான் கம்புக்கு அதிக இடம் கொடுக்க வேண்டும்.

அதோடு, வயலில் மூன்று இடத்தில் ஒரு முழம் ஆழம் தோண்டிப் பார்த்து, எந்த ஆழத்தில் கல் அல்லது இறுகிய மண் தட்டுப்படுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு குறிப்பையும் எனக்கு அனுப்பி வையுங்கள். எத்தனை நாள் ரகம், துவரைக்கு இடம் உண்டா இல்லையா என்பதை அதைப் பார்த்து எழுதுகிறேன். விதைப்புக்கு ஒரு மாதம் முன்பாவது அனுப்பினால், விதை தேட உங்களுக்கு நேரம் இருக்கும்.